மூன்றாம் கப்பலில் வந்த தாய்மாமன்

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வழியில் இருக்கும் பெயர்ப்பலகை ஒன்றையும் விடாமல் முழுக்கப் படித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். நான் மணி அடிக்கும் முன்பே போய் உட்கார்ந்திருப்பேன். அவன் பிரார்த்தனை முடிந்து வருவான். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அவன் பத்தாவது வரை போனான். எங்கள் வீட்டில் அதிகம் படித்தவன் அவன்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் நகராட்சியில் குப்பை லாரி ஓட்டுகிறான். விடியும் முன்பு கிளம்பினால் மதியம் வேலை முடிந்துவிடும். மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய் மல்லாந்து படுப்பார்கள். இவன் குளித்து, தலை வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து ஆவணக் காப்பகத்துக்குப் போவான். அப்படி ஆறு வருஷம் போனான். எதற்காக என்றால், அம்மாவின் அண்ணனைத் தேடி.

அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், பெரிய போர் வந்தபோது தன் அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிப் போனார். அப்போது அவருக்கு இருபது, அம்மாவுக்கு எட்டு. போர் முடிந்து தெருவிலிருந்து போன மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். இவர் வரவில்லை. செத்துவிட்டார் என்று தகவலும் வரவில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் எவளோ ஒருத்தியோடு இறங்கிப் போய்விட்டார் என்று தெருவில் பேசினார்கள். தாத்தா, "இனிமே இந்த வீட்டுல அவன் பேச்சு வரக்கூடாது" என்றாராம்.

தாத்தா இருந்தவரை அந்தப் பேச்சு வரவில்லை. அவர் போனபிறகு அம்மா வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்தாள். குழாய் ஒழுகினால், கூரை ஒழுகினால், என் கல்யாணத்தில் பந்தல் சரிந்தபோது, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. "எங்கண்ணன்னு ஒருத்தன் ஒழுங்கா இருந்திருந்தா இதெல்லாம் நான் ஏன் பாக்கணும்? எங்கேயோ பொண்டாட்டி பிள்ளைங்களோட சுகமா உக்காந்திருக்கான்." வருஷா வருஷம் அவருக்கு வயது ஏற்றிக்கொண்டே வருவாள். கடைசியாகச் சொன்னபோது தொண்ணூற்றாறு.

"தொண்ணூத்தாறு வயசு மனுஷன் சுகமா எங்கேம்மா உக்காருவாரு? இருந்தா படுத்துட்டுதான் இருப்பாரு" என்று தம்பி சொல்வான்.

"படுத்தாவது இருக்கட்டும். எழுந்து வந்து பதில் சொல்லட்டும்."

இதயம் பலவீனமாக இருக்கிறது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு கேலி எதுவும் இல்லை. "நான் போறதுக்குள்ள அவன் என்ன ஆனான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுடா. இருந்தா திட்டணும். செத்திருந்தா அழணும். ரெண்டுல எதுன்னே தெரியாம என்னால போக முடியாது" என்றாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் கேட்டது அவனிடம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. யாரிடம் கேட்டால் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இங்கே கப்பல் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்கள் இந்த ஊருக்குத் துறைமுக வேலைக்காக மூன்று கப்பல்களில் வந்தவர்கள். முதல் கப்பலில் வந்தவர்களுக்கு வேலையும் கிடைத்தது, வீடு கட்ட நிலமும் கிடைத்தது. இரண்டாம் கப்பல்காரர்கள் அவர்களோடு ஒட்டிக்கொண்டார்கள். மூன்றாம் கப்பலில் நடுக்கடலிலேயே காய்ச்சல் பரவிவிட்டது. வந்தவர்களைத் துறைமுகத்துக்கு வெளியே தகரக் கொட்டகைகளில், கம்பிவேலி போட்டு, மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். அதிலிருந்து அவர்களுக்கு முகாம்காரர்கள் என்று பெயர். அந்தப் பெயர் உள்ளவர்கள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். இத்தனை தலைமுறை ஆகியும் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி "எந்தக் கப்பல்?" என்பதுதான். பதிலும் ஒன்றுதான். முதல் கப்பலில் வந்ததாகச் சொல்கிறவர்களை எல்லாம் ஏற்றியிருந்தால் அது கரையிலேயே மூழ்கியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், அம்மா காதில் விழாத தூரத்தில்.

நாங்கள் முதல் கப்பல். தாத்தா சொன்னது அது. அம்மா இந்த ஊரில் பிறந்தவள். அவளுக்கு அப்படித்தான் தெரியும். முதல் கப்பல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் கைப்பிடி வைத்த நாற்காலி அம்மாவுக்கு உண்டு.

ஆகவே தம்பி முதல் கப்பலிலிருந்து ஆரம்பித்தான்.

காப்பகத்தில் மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள் இருப்பார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். பேனா கூடாது, பென்சில்தான். பை வெளியே. கை கழுவிவிட்டுத்தான் உள்ளே. என் தம்பி மூன்று தடவை கழுவுவான். அப்படியும் முதல் நாள் அவனை மூலையில் ஜன்னலோரமாக உட்காரச் சொன்னார், "காத்து நல்லா வரும்" என்று. எதற்காகச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. சோப்பை மாற்றினான். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் அந்த அம்மாளே வந்து, "குளிருது, ஜன்னலைச் சாத்திக்கலாமா?" என்று கேட்டாராம். அன்று என் வீட்டுக்கு வந்து, ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி அதைச் சொன்னான்.

பழைய பட்டியல்களை எல்லாம் படச்சுருளாக எடுத்துவைத்திருந்தார்கள். சுருளை ஒரு பெட்டியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் பக்கம் பக்கமாகத் திரையில் நகரும். சுற்றச் சுற்றத் தலை கிறுகிறுக்கும் என்பான். முதல் கப்பலின் பயணிகள் பட்டியலைத் தலையிலிருந்து வால் வரை படித்தான். தாத்தா பெயர் இல்லை. கிழிந்துபோன பக்கம் ஏதாவது இருக்கும் என்று நினைத்து மறுபடி படித்தான். அப்போதும் இல்லை. பட்டியல் எடுத்தவன் தூங்கியிருப்பான் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

சரி, கப்பலில் இறங்கியதை விடுவோம், பட்டாளத்தில் ஏறியதைப் பார்ப்போம் என்று தலைநகரத்தில் இருக்கும் ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதினான். அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். பெயர், தந்தை பெயர், நாட்டுக்குள் வந்த கப்பல். எல்லாவற்றையும் அச்சு எழுத்தில் நிரப்பினான். பதில் வர அரை வருஷத்துக்கு மேல் ஆனது. 'தாங்கள் குறிப்பிட்ட விவரங்களுக்குப் பொருந்துபவர் எவரும் இல்லை.' மறுபடி எழுதினான். மறுபடியும் அதே வரி. மூன்றாம் தடவை வந்த பதிலில் கையெழுத்து மட்டும் மாறியிருந்தது.

அவன் மனைவி ஒரு ரொட்டிக் கடையில் கல்லாவில் நிற்கிறாள். நல்ல பெண். ஆனால் அவளுக்கும் ஓர் அளவு உண்டு. "உங்க மாமா கிடைச்சா அவரையே லாரி ஓட்டச் சொல்லுங்க. நீங்க ஒரு ரெண்டு மாசம் தூங்கலாம்" என்றாள் என் எதிரிலேயே. அவன் சிரித்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது.

அதன் பிறகுதான் படைக் கப்பல் பட்டியல்களில் கைவைத்தான். போருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அகர வரிசை கிடையாது. ஏறிய வரிசையில் எழுதியிருப்பார்கள். எண், பெயர், தந்தை பெயர், வயது, முன்பு செய்த வேலை, உடம்பில் அடையாளம், கடைசிக் கட்டத்தில் நாட்டுக்கு வந்த கப்பல். ஆயிரக்கணக்கான பேர். வேலையைக் குறைக்க அவன் ஒரு வழி செய்தான். முதலில் கடைசிக் கட்டத்தைப் பார்ப்பது. முதல் கப்பல் என்று இருந்தால் மட்டும் முன்னால் போய்ப் பெயரைப் படிப்பது. மற்றதைத் தள்ளிவிடுவது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே யோசனையைத்தான் சொல்லியிருப்பார்கள். அப்படியே இரண்டு வருஷம் சுற்றினான். எல்லாச் சுருளும் முடிந்துவிட்டது. விட்டுப்போயிருக்குமோ என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அதிலும் கிடைக்காமல் மூன்றாம் தடவையும் தொடங்கினான்.

அந்த நாட்களில் அவன் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவான். நான் பேண்ட் மடித்துத் தைத்துக்கொண்டிருப்பேன். எதுவும் பேசமாட்டான். ஒரு நாள் மட்டும், "அக்கா, அவர் இருந்தாரா இல்லையான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. அம்மாவாக் கனவு கண்டிருப்பாளோ?" என்றான்.

"கனவுல வந்த ஆளை யாரும் இவ்வளவு திட்டமாட்டாங்க" என்றேன்.

கண்டுபிடித்த நாளைச் சொல்கிறேன். அன்று டிப்போவில் இரண்டு ஓட்டுநர்களுக்கு உடம்பு சரியில்லை. இவன் தன் பகுதியோடு இன்னொரு பகுதியும் ஓட்டிவிட்டு, சாப்பிடாமல் கொள்ளாமல் காப்பகத்துக்குப் போயிருக்கிறான். கண் எரிந்ததாம். திரையின் வெளிச்சம் தாங்காமல், இடமும் வலமும் இரண்டு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துக்கொண்டான். நடுவில் ஒரு கட்டம்தான் தெரிந்தது. உடம்பில் அடையாளம் எழுதியிருக்கும் கட்டம். எதைப் பார்க்க வேண்டும் என்ற யோசனையே இல்லாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவன், ஒரு வரியில் நின்றுவிட்டான். 'இடது கை, சுண்டுவிரல் நுனி இல்லை.'

அந்த விரலை எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு நாலு வயது இருக்கும்போது விளையாட்டாகக் கதவை அறைந்து சாத்தினாள். அண்ணனின் சுண்டுவிரல் இடுக்கில் மாட்டி நுனி போய்விட்டது. "அவன் அழவே இல்லை. நான்தான் ஊரைக் கூட்டினேன்" என்பாள். அவரைப் பற்றி அம்மா திட்டாமல் சொல்கிற ஒரே விஷயம் அதுதான்.

இடது பக்கக் காகிதத்தை எடுத்தான். பெயர் சரி. தந்தை பெயர் சரி. வயது இருபது, வேலை மூட்டை தூக்குதல். வலது பக்கக் காகிதத்தை எடுத்தான். மூன்றாம் கப்பல்.

அந்தச் சுருளை அவன் முன்பே இரண்டு தடவை பார்த்து முடித்திருந்தான். அந்த வரி இரண்டு தடவையும் கண்ணெதிரே நகர்ந்து போயிருக்கிறது. யாரோ முகாம்காரன் என்று இரண்டு தடவையும் தள்ளிவிட்டிருக்கிறான்.

நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, நாம மூணாவது கப்பல்" என்றான். வேறெதையும் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னான்.

நான் மெஷினை நிறுத்தினேன். "யார் சொன்னது?"

"மாமாதான்."

ராணுவ அலுவலகத்துக்குப் படிவத்தை மாற்றி அனுப்பினான். ஒரே ஒரு கட்டம்தான் மாறியது. இந்தத் தடவை முழுக் கோப்பின் நகலே வந்துவிட்டது. மாமா எந்தத் துறைமுகத்திலும் எவளோடும் இறங்கவில்லை. போர்முனையையும் பார்க்கவில்லை. படைக் கப்பலிலேயே விஷக்காய்ச்சல் வந்து, கரை தெரிவதற்கு முன்பே இறந்திருக்கிறார். உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். துப்பாக்கி கையில் கொடுத்தார்களா என்பதே சந்தேகம் என்றான் தம்பி.

கோப்பில் கடைசித் தாள் ஒரு குறிப்பு. இறந்த தகவலைத் தந்தையிடம் சேர்க்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்குக் கதவிலக்கம் கிடையாது. மாமா எழுதிக்கொடுத்தது, 'தந்தை, மூன்றாம் கப்பல் ஆள், துறைமுகச் சுமை வேலை' என்று மட்டும். வந்தவன் விசாரித்து விசாரித்துச் சரியான வீட்டுக்கே வந்து, மூன்றாம் கப்பலில் வந்தவர் நீங்கள்தானே என்று கேட்டிருக்கிறான். 'வீட்டுக்காரர் தாம் மூன்றாம் கப்பல் ஆள் அல்ல என்று கூறிக் கதவைச் சாத்திவிட்டார். உறவினர் எவரும் கண்டறியப்படவில்லை.' அவ்வளவுதான். என்ன தகவல் என்று தாத்தா கேட்கவே இல்லை.

"இதை அம்மாகிட்ட எப்படிடா சொல்றது?" என்றேன்.

"பாதி சொல்லலாம்" என்றான்.

மறுநாள் மதியம் அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். தம்பி தரையில் உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னான். கப்பல், காய்ச்சல், கடல். அம்மா அழவில்லை.

"அப்போ அவன் இருபது வயசைத் தாண்டவே இல்லையா?"

"இல்லம்மா."

"நான் தொண்ணூத்தாறு வரைக்கும் கொண்டுவந்துட்டேனே" என்றாள். பிறகு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "இத்தனை வருஷம் ஒரு செத்த பிள்ளையைப் போட்டுத் திட்டியிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டுட்டுச் சும்மா இருந்தீங்களே."

அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தோம். நகராட்சியில் அப்போது போர் நினைவுச் சுவரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க வேண்டுமானால், உயிரோடு இருக்கும் நெருங்கிய இரத்த உறவு நேரில் வந்து உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பெயர், உறவு, குடும்பம் வந்த கப்பல். மாமாவுக்கு அம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை. தம்பி அதையும் சொன்னான். கப்பலையும் சொன்னான்.

அம்மா முந்தானையை இறக்கினாள். "என்ன கப்பல்?"

"மூணாவது."

"வாயைக் கழுவு."

"அம்மா..."

"என் அண்ணன் செத்தான்னு சொன்னே, கேட்டுக்கிட்டேன். எங்கப்பா முகாம்ல கிடந்தாருன்னு சொல்லாதே. முதல் கப்பல்னு சொல்லித்தான் உங்கப்பா வீட்டுல என்னை எடுத்தாங்க. நாளைக்குத் தெருவுல நான் எந்த முகத்தோட நடப்பேன்?"

"நீதான் நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்று நான் சொல்லிவிட்டேன். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி குரலை உயர்த்தவில்லை. "அப்படின்னா இவர் உன் அண்ணன் இல்லம்மா. ரெண்டும் ஒரே வரியிலதான் எழுதியிருக்கு. அவர் வேணும்னா கப்பலும் வேணும்" என்றான்.

"வேண்டாம்" என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆறு வருஷ அலைச்சல் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது என்று நினைத்தேன். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரம் முழுக்க மதியம் வீட்டிலேயே இருந்தானாம். தூங்கு தூங்கு என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவியே என்னிடம் வந்து, "அண்ணி, அவர் பகல்ல தூங்குறதைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. அந்தச் சுருளையாவது போய்ச் சுத்திட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

அதற்குள் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. சங்கத் தலைவர் வந்தார். அவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "பெரியம்மா, என்னென்னவோ காதுல விழுது. நத்தை ஏதோ தப்பாப் படிச்சிருப்பான். நீங்க கவலைப்படாதீங்க, நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா சொன்னாள். "என் பிள்ளை தப்பாப் படிக்கமாட்டான். மெதுவாப் படிப்பான்."

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் வந்ததும் கேட்டாள்: "எங்கப்பா பொய்யே சொல்லாத மனுஷன்டா. எண்ணெய்க் கடையில மிச்சம் அதிகமாக் கொடுத்தாக்கூடத் திரும்பப் போய்க் கொடுத்துட்டு வருவார். அவர் ஏன் இந்த ஒரு பொய்யைச் சாகிற வரைக்கும் சொன்னார்? நீ பாதிதான் சொல்லியிருக்கே. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. மீதியைச் சொல்லு."

தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

கதவைத் தட்டிய ஆளைப் பற்றி முதலில் சொன்னான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, எனக்கே அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான். மூன்றாம் கப்பலின் பயணிகள் பட்டியலையும் அவன் பார்த்திருந்தான். அதில் எங்கள் குடும்பம் இருந்தது. தாத்தா, பாட்டி, பத்து வயதுப் பையன், ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. முகாமிலிருந்து வெளியே விட்டவர்களின் பட்டியல் தனியாக இருந்தது. அதில் மூன்று பேர்தான்.

"பெண் குழந்தையா?"

"ஆமாம்மா. முகாம்லயே போயிடுச்சு."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு அண்ணனைத் தவிர யாரும் இருந்ததாக அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு நாளும் சொன்னதில்லை.

"பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு." தம்பி கொஞ்சம் தயங்கினான். "உன் பேருதாம்மா."

அறை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. முகாம் என்ற சொல்லைத் தாத்தா வீட்டுக்குள் விடாமல் வைத்திருந்தது கௌரவத்துக்காக என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். அம்மா என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை. படுக்கும் முன்பு மட்டும், "அந்த ஆபீஸ் எத்தனையாவது மாடி?" என்று கேட்டாள்.

"கீழேதான்" என்றான் தம்பி. பொய். முதல் மாடி. டிப்போவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து நாற்காலியோடு தூக்கி ஏற்றினான். அம்மா வழியெல்லாம், "கீழேன்னு சொன்னியே, கீழேன்னு சொன்னியே" என்று அவனைத் திட்டிக்கொண்டே போனாள். மாமாவுக்குப் பிறகு அந்த இடம் அவனுக்கு வந்துவிட்டது.

நகராட்சி அலுவலகத்தில் நீளமான பெஞ்சு. டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். எங்கள் தெருவிலிருந்து நாலைந்து பேர் வேறு வேறு வேலையாக வந்திருந்தார்கள், அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள். சங்கத் தலைவரும் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்த குமாஸ்தா களைத்துப்போன மனுஷன். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"அண்ணன்."

"குடும்பம் வந்த கப்பல்?"

பெஞ்சில் பேச்சு நின்றது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தம்பி குனிந்து, "முடியலேன்னா விடும்மா, போயிடலாம்" என்று மெல்லச் சொன்னான். உண்மையாகவே சொன்னான்.

"மூணாவது" என்றாள் அம்மா. குமாஸ்தாவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, தலையைத் தூக்கினார். "மூணாவது கப்பல். முகாம்ல அடைச்சுப் போட்டாங்களே, அது" என்றாள், அந்த ஹாலுக்கே கேட்கும்படி.

அவர் எழுதிக்கொண்டார். தம்பி கொண்டுவந்த நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பயணிகள் பட்டியலில் விரலை வைத்து நின்றார். அம்மாவின் அடையாள அட்டையையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அம்மா, இதுல ஏதோ இடிக்குதே. நீங்க இந்த ஊர்லயே பிறந்ததா அட்டையில இருக்கு. உங்க பேர் கப்பல் பட்டியல்லயும் இருக்கே. ஒன்றரை வயசுன்னு. இது நீங்களா இல்லையா?"

தம்பி பதில் சொல்ல முன்னால் வந்தான். அம்மா கையை நீட்டி அவனைத் தடுத்தாள். அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியைத் தேடிப் படித்தாள். அடுத்து அவள் சொன்ன சொல்லால் எண்பத்து நாலு வருஷத்தில் கூடப்பிறந்த யாரையும் கூப்பிட்டதில்லை. கூப்பிட அவளுக்கு ஆள் இருந்ததில்லை.

"நான் இல்லை. அது எங்கக்கா" என்றாள்.

குமாஸ்தா பட்டியலில் அந்த வரிக்கு நேராகச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதி, காகிதத்தை அம்மா பக்கம் நகர்த்திக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.